கொடைக்கானல் கல்யாணத்துக்கு வருகிறவர்களுக்குப் பெண்ணின் அப்பா சொல்வது

போன வாரம் இங்கே நெதர்லாந்தில் உள்ள தமிழர்கள் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தை வாடகைக்கு எடுத்துப் பொங்கல் கொண்டாடினோம். காகிதத் தட்டில் சர்க்கரைப் பொங்கலோடு ஒரு நண்பர் என்னை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார். அவருடைய மகளும் கொடைக்கானலில்தான் கல்யாணம் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாளாம். வெள்ளி, சனி, ஞாயிறு என்று மூன்று நாள், மலைமேல் ஒரு ரிசார்ட், பாதி விருந்தாளிகள் நெதர்லாந்திலிருந்து, மீதி ஊரிலிருந்து. நீங்கள் போன வருடம் இதே மாதிரி நடத்தி முடித்தவர், வருகிறவர்களுக்கு என்னென்ன சொல்ல வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள் என்றார். அவர் சொன்ன பிறகுதான் எங்கள் வீட்டுக் கல்யாணம் முடிந்து ஒரு வருடம் ஆகிறது என்பதே எனக்கு உறைத்தது.

வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்ததும் என் மனைவி வடிவு அடுப்படியிலிருந்தே சொல்லிவிட்டாள்: "எழுதுங்க. ஆனா எங்கண்ணனப் பத்தி ஒரு வார்த்தை எழுதக் கூடாது."

முயன்று பார்த்தேன், முடியவில்லை. காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் மகளின் கையைப் பிடித்து மணவறைக்கு அழைத்துவர நான் ஆசைப்பட்டேன். எங்கள் பக்கத்து வழக்கப்படி அது தாய்மாமனுடைய உரிமை. அந்தத் தாய்மாமன்தான் வடிவின் அண்ணன் தண்டபாணி. இந்தக் குறிப்புகளில் அவர் அடிக்கடி எட்டிப் பார்ப்பார், வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

1.

வழியிலிருந்து தொடங்குகிறேன். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் மதுரையில் இறங்கி வத்தலக்குண்டு வழியாக மலையேறுவது நல்லது. ரயிலில் வந்தால் கொடை ரோட்டில் இறங்கி அதே பாதையில் சேர்ந்துகொள்ளலாம். வளைவுகளில் வயிற்றைப் புரட்டும். ஏறுவதற்கு முன்னால் வயிறு முட்டப் பரோட்டா சாப்பிட வேண்டாம் என்று டச்சுக்காரர்களுக்கு எழுதியே அனுப்பினேன். அவர்கள் கேட்கவில்லை. வழியில் வண்டியை நிறுத்திக் கழுவியதைப் பற்றி இதற்கு மேல் எழுத வேண்டியதில்லை.

நான் பிறந்தது அந்த மலைக்குக் கீழே, அய்யம்பாளையத்தில். எங்களுக்கு அந்த மலை, மழை வருமா என்று அண்ணாந்து பார்க்கிற இடம், அவ்வளவுதான். மேலே போய்ப் பார்க்க வேண்டும் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தோன்றியதில்லை. தென்னைக்குத் தண்ணீர் கட்டவும் காய் வெட்டவுமே அப்பாவுக்கு நாள் சரியாக இருந்தது. அதனால் கல்யாணம் மலைமேல் என்றதும் சொந்தக்காரர்கள் எல்லோரும் கேட்டது ஒரே கேள்விதான்: ஏன், கீழே மண்டபம் கிடைக்கவில்லையா? என் மகள் கயல்விழி நெதர்லாந்தில், நாங்கள் இருக்கும் ஐந்தோவனில் பிறந்தவள். அவள் கட்டிக்கொண்ட யோரிஸும் அந்த நாட்டுக்காரன். அங்கே மலை கிடையாது. ஒரு மேம்பாலத்தில் சைக்கிளை மிதித்து ஏறினாலே உயரத்துக்கு வந்துவிட்டோம் என்பார்கள். அவர்களுக்கு மலைதான் வேண்டியிருந்தது.

மச்சான் தண்டபாணி மட்டும் வத்தலக்குண்டு பக்கம் வரமாட்டார். அவருக்கு ஒட்டன்சத்திரத்தில் காய்கறி கமிஷன் மண்டி. அங்கிருந்து பழனி போய், பழனி மலைப்பாதையில் ஏறித்தான் வருவார். தை மாதத்தில் அந்தப் பக்கமாக வராதீர்கள் என்பது என் யோசனை. தைப்பூசத்துக்கு நடந்தே பழனி போகிற பக்தர்கள் சாலை நெடுக நிறைந்திருப்பார்கள். எங்கள் கல்யாணம் பூசத்துக்கு நெருக்கத்தில் வந்துவிட்டது. ஊர்க்காரன் எவனும் அப்படி நாள் வைக்கமாட்டான். அந்த வாரம் ரிசார்ட் காலியாக இருக்கிறதே என்று கயல் இங்கிருந்தே பதிவு செய்துவிட்டாள். ஏன் காலியாக இருக்கிறது என்று எனக்கும் உறைக்கவில்லை. இருபத்தைந்து வருடத்துக்கு மேல் வெளியே இருந்தால் பூசம் எப்போது வருகிறது என்பதுகூட நினைவிலிருந்து நழுவிவிடுகிறது.

2.

அனுமதிகள். வெளிநாட்டு விருந்தாளிகளுக்கு விசா வேண்டும். விண்ணப்பத்தில் அவர்களுடைய அப்பாவும் அம்மாவும் எந்த ஊரில் பிறந்தார்கள் என்று கேட்கும். யோரிஸின் அத்தை ஒருத்தி அது அந்தரங்க விஷயம் என்று அந்த இடத்தை நிரப்பாமலே விட்டாள். அவளைச் சமாதானப்படுத்தி எழுதவைக்க எனக்கு ஒரு மாலைப்பொழுது முழுக்கப் போனது.

விசா வாங்கினால் மட்டும் போதாது. கொடைக்கானலுக்குள் வருகிற வெளியூர் வண்டி ஒவ்வொன்றுக்கும் இ-பாஸ் எடுக்க வேண்டும். மலையில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கும் தடை உண்டு, ஆளுக்கு ஒரு எவர்சில்வர் பாட்டில் கொண்டுவரச் சொல்லுங்கள். வீட்டில் ஒரே ஆள் உட்கார்ந்து எல்லா வண்டிக்கும் பாஸ் எடுத்துவிடுவது நல்லது. எங்கள் வீட்டில் அந்த ஆள் நான்தான்.

மச்சானுக்கு பாஸ் விஷயம் பிடிபடவேயில்லை. "நம்ம மலைக்குப் போறதுக்கு நான் எவன்கிட்ட மாப்ள கேக்கணும்?" என்று போனில் கேட்டார். நீங்கள் கேட்க வேண்டாம், நான் எடுத்துத் தருகிறேன் என்றேன். அவருடைய வண்டியின் எண்ணைப் பதியும்போது என் கை ஒரு நிமிடம் நின்றது உண்மை. இதை எடுக்காமல் விட்டால் சோதனைச் சாவடியில் கொஞ்ச நேரம் நிற்பாரே என்று ஒரு நினைப்பு வந்தது. பிறகு பதிந்துவிட்டேன். வடிவு பின்னால் வந்து நின்றதும் அதற்கு ஒரு காரணம்.

3.

உடுப்பு. தை மாதத்துக் காலையில் புல்லின் மேல் உறைபனி வெள்ளையாகக் கிடக்கும். பட்டுப்புடவைக்கு மேல் ஸ்வெட்டர் போடுவதா, உள்ளே போடுவதா என்று பெண்கள் முன்கூட்டியே முடிவெடுத்துக்கொள்வது நல்லது. டச்சுக்காரர்களைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். அவர்கள் அரைக்கைச் சட்டையோடு புல்வெளியில் உட்கார்ந்து குளிர்ந்த பீர் குடித்தார்கள். ஒட்டன்சத்திரத்துச் சொந்தங்கள் குரங்குக் குல்லாவும் கம்பளியுமாக எதிர்வரிசையில் உட்கார்ந்து அவர்களை வேடிக்கை பார்த்தார்கள். இரண்டு தரப்புக்கும் மற்றவரை நினைத்துப் பரிதாபம்தான்.

குல்லாவைப் போட்டோ எடுக்கும்போது கழற்றிவிட வேண்டும் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். எங்கள் ஆல்பத்தில் ஒரு மனிதர் கழற்றவில்லை. யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

4.

மொழி. இரண்டு பக்கத்துக்கும் நடுவே மொழிபெயர்த்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். அது நானாக இருக்கும் என்று நினைத்திருந்தேன்.

கயல் சிறுமியாக இருந்த காலத்திலிருந்து நான் அவளிடம் தமிழில்தான் பேசினேன். அவள் டச்சில் பதில் சொல்வாள். சாப்பிட்டாயா என்று தமிழில் கேட்பேன், சாப்பிட்டேன் என்று டச்சில் வரும். இங்குள்ள நிறைய வீடுகளில் இதே கதைதான். ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்புக்கும் அனுப்பினேன். எழுத்துகளை அழகாகப் படம் வரைவதுபோல் வரைவாள். வாயைத் திறந்தால் டச்சு.

பிறகு விவசாயம் படிக்கப் போனாள். ஆராய்ச்சிக்குக் காய்கறிச் சந்தையைப் பற்றி எழுத வேண்டும் என்று மாமன் வீட்டில் போய் ஆறு மாதம் தங்கினாள். விடியும் முன்னே மாமனோடு மண்டிக்குப் போய் ஏலம் விடுவதைப் பார்ப்பாளாம். தக்காளிப் பெட்டிகளுக்கு நடுவே நின்று லாரிக்காரர்களிடம் சண்டை போடுகிற அளவுக்குத் தமிழ் வந்துவிட்டது. விமான நிலையத்தில் அழைத்துவரப் போனேன். "எதுக்குப்பா இவ்வளவு வெள்ளனே வந்தீங்க, வேற சோலி இல்லையா?" என்றாள். என் மகள் என்னிடம் பேசிய முதல் முழுத் தமிழ் வாக்கியம் அது. அப்படியே மச்சானின் பேச்சு, அந்த இழுப்புகூட மாறவில்லை. சந்தோஷப்பட வேண்டிய இடம் என்று எனக்குத் தெரியும். வீடு வரும்வரை எரிச்சலாகவே வண்டி ஓட்டினேன்.

அதன் பிறகு வாரா வாரம் மாமனோடு போன். சின்ன வெங்காயம் என்ன விலை, முருங்கை வரத்து எப்படி என்று பேசிப் பேசிச் சிரிப்பாள். நான் அறைக்குள் போனால் பேச்சைக் குறைப்பாள். என்ன விஷயம் என்று கேட்டால், ஒன்றுமில்லையப்பா, மார்க்கெட் என்பாள். என் தமிழ் அவளுக்குச் செய்தி வாசிப்பதுபோல் கேட்கிறதாம். மாமன் பேசுவதுதான் தமிழாம். பெற்றவன் நான், இருபது வருடம் ஒருதலையாகத் தமிழ் பேசியவன் நான், பலனை அறுவடை செய்தவர் அவர்.

5.

யார் யாரை எப்போது அழைப்பது. டச்சுக்காரர்களின் கல்யாணத்தில் ஒரு பழக்கம் உண்டு. நெருங்கியவர்கள் பகல் முழுக்க இருப்பார்கள். மற்றவர்களைச் சாயங்காலக் கொண்டாட்டத்துக்கு மட்டும் அழைப்பார்கள். பத்திரிகையிலேயே அப்படி அச்சடித்திருக்கும், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கயலும் அதே மாதிரி இரண்டு விதமாகப் பத்திரிகை தயார் செய்துவிட்டாள். அவள் கணக்கில் என் சித்தப்பா மகன் மாலை விருந்தாளி.

இது ஊரில் நடக்காது, ஏழு தலைமுறைக்குப் பேச்சு வரும் என்று நான் படித்துப் படித்துச் சொன்னேன். அறைகள் அவ்வளவுதான் இருக்கின்றன அப்பா, எல்லோரையும் எங்கே தங்கவைப்பது என்று என்னையே கேட்டாள். மச்சான் அவளோடு போனில் பேசினார். அடுத்த நாள் எல்லோருக்கும் ஒரே பத்திரிகை. என்ன சொன்னார் என்று வடிவைக் கேட்டேன். அவரும் நான் சொன்னதையேதான் சொல்லியிருக்கிறார். கூடவே, அறை இல்லாதவர்களுக்கு கொடைக்கானலை ஒட்டிய அட்டுவம்பட்டியில் தெரிந்தவர்களின் வீடுகள் இரண்டைப் பிடித்துத் தருவதாகவும் சொன்னாராம். அதை நான் ஐந்தோவனில் இருந்துகொண்டு எப்படிச் செய்ய முடியும்?

ஆகவே என் யோசனை இது. எல்லோரையும் முழு நாளுக்கும் அழையுங்கள். அட்டுவம்பட்டியில் ஆள் தெரிந்த ஒருவரைக் கைவசம் வைத்துக்கொள்ளுங்கள்.

6.

யார் எந்தச் சடங்கைச் செய்வது என்பதை முன்கூட்டியே பேசிவிட வேண்டும். நான் பேசாமல் விட்டேன்.

இங்கே என்னோடு வேலை பார்த்த கெர்ரிட் என்பவரின் மகள் கல்யாணத்துக்கு ஒருமுறை போயிருந்தேன். சின்ன தேவாலயம். கதவு திறந்தது, கெர்ரிட் மகளின் கையைத் தன் முழங்கையில் கோத்துக்கொண்டு மெதுவாக நடந்து வந்தார். அலுவலகத்தில் காபி இயந்திரத்தோடு சண்டை போடுகிற மனிதர் அவர். அன்றைக்கு அப்படி நிமிர்ந்து நடந்தார். எனக்கும் ஒருநாள் இது உண்டு என்று அன்றே மனதில் எழுதிவைத்துவிட்டேன். ஊரிலிருந்து நான் கொண்டுவந்த எத்தனையோ பழக்கங்கள் இங்கே உதிர்ந்துபோயின. இவர்களிடமிருந்து எனக்கு வேண்டும் என்று நான் எடுத்துக்கொண்டது இந்த ஒன்றுதான்.

சட்டப்படியான பதிவுத் திருமணம் ஐந்தோவன் நகராட்சி அலுவலகத்தில் நடந்தது. அங்கேயாவது நடக்கலாம் என்று புது ஷூ வாங்கி வைத்திருந்தேன். லிப்ட் கதவு திறந்தால் நேரே அந்த அறைதான். பெண்ணும் மாப்பிள்ளையும் லிப்டிலிருந்து இறங்கினார்கள், மேசைக்கு முன்னால் உட்கார்ந்தார்கள், கையெழுத்துப் போட்டார்கள். நான் அடுத்த லிப்டில் வந்து சேர்வதற்குள் பாதி முடிந்துவிட்டது.

மீதி இருந்தது கொடைக்கானல். ஒரு நாள் கயல் சோபாவில் கால் நீட்டிக்கொண்டு, மடிக்கணினியில் ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சிகளை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தாள். சாதாரணமாகக் கேட்பதுபோல் கேட்டேன்: உன்னை மணவறைக்கு யார் அழைத்துவருவது?

"மாமாதாம்ப்பா. மால போட்டு, கையப் புடிச்சு, மாமாதான கூட்டிட்டு வரணும்? அதான நம்ம வழக்கம்?" என்று திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்.

ஆமாம் என்றேன். வேறென்ன சொல்ல முடியும்? நம் வழக்கத்தைப் பிள்ளைகள் மறக்கிறார்கள் என்று எத்தனை பொங்கல் விழாவில் மைக்கைப் பிடித்துப் புலம்பியிருக்கிறேன். இங்கே பிறந்த பெண் எங்கள் வழக்கத்தைக் கேட்கிறாள். அய்யம்பாளையத்தில் பிறந்தவன் வெள்ளைக்காரன் வழக்கத்துக்கு ஏங்குகிறேன். இதை எந்த மைக்கில் சொல்வது?

7.

வெள்ளி, சனி இரண்டு நாளும் நிகழ்ச்சிகளுக்கு நடுவே இடைவெளி விடுங்கள். வந்தவர்கள் ஏரியைச் சுற்றட்டும், குதிரை ஏறட்டும். வார இறுதியில் அருவிகள் இருக்கும் பக்கம் வண்டி நகராது, அங்கே போனவர்கள் சாயங்காலம் மருதாணி வைக்கும் நிகழ்ச்சிக்குத் திரும்பி வந்து சேரமாட்டார்கள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மச்சான் சமையலுக்கு வேண்டிய காய்களையெல்லாம் தன் பிக்கப் வண்டியில் போட்டுக்கொண்டு வந்து இறங்கினார். நான் ரிசார்ட் மேனேஜரிடம் காய்கறிக்கும் சேர்த்துப் பேசி முடித்திருந்தேன். மேனேஜர் அந்த வெண்டைக்காயை ஒடித்துப் பார்த்துவிட்டு, "ஸார், இவ்வளவு ஃப்ரெஷ்ஷா எங்க சப்ளையரே தரமாட்டாங்க" என்று என்னிடமே சொன்னார்.

டச்சுக்காரர்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. விசேஷ வீட்டில் நுழைந்ததும் பெண்ணை மட்டுமல்ல, பெண்ணின் அப்பா அம்மாவையும் தேடிப் பிடித்துக் கை குலுக்கி, உங்கள் மகளுக்காக வாழ்த்துகள் என்பார்கள். எனக்கு அது மிகவும் பிடிக்கும். வந்திறங்கிய கூட்டம், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆட்களை விரட்டி வேலை வாங்கிக்கொண்டிருந்த மச்சானைப் பார்த்தது. இவர்தான் அப்பா என்று முடிவு செய்து, நேரே அவரிடம் போய் வரிசையாகக் கை குலுக்கியது. ஒருத்தி கன்னத்தில் மூன்று முத்தம் வேறு கொடுத்தாள். அவர் விளக்கெண்ணெய் குடித்தவரைப்போல் நின்றார். எல்லாம் முடிந்த பிறகு யோரிஸ் ஓடிவந்து திருத்தினான். அவர்கள் திரும்ப என்னிடம் வந்து கை குலுக்கினார்கள். கை குலுக்கல் என்னவோ அதேதான், ஆனாலும் எனக்குக் கிடைத்தது மிச்சம்.

சனிக்கிழமை மதியம் மச்சான் கீழே பழனிக்குக் கிளம்பினார். மாமன் போடும் மாலையை முருகன் பாதத்தில் வைத்து வாங்கிவருவது அவர்கள் வீட்டு வழக்கம். பூசக் கூட்டம் நெரிகிறது, இந்த முறை வேண்டாம் அண்ணா, இங்கே குறிஞ்சி ஆண்டவர் கோயிலில் வைத்து வாங்கிக்கொள்ளலாம் என்று வடிவு சொன்னாள். அவர் கேட்கவில்லை. "ஒத்தப் பொண்ணு. சாமி மால இல்லாம எப்படி? ராவு அங்க படுத்துருந்துட்டு, நட தொறந்ததும் வாங்கிட்டு வெரசா வந்துருவேன்" என்றார். போகட்டும் என்றுதான் நான் நினைத்தேன்.

8.

முகூர்த்த நாள். ஒன்பதிலிருந்து பத்தரை வரை நல்ல நேரம். விருந்தாளிகள் எட்டரைக்கே வந்து உட்கார வேண்டும் என்று எழுதுங்கள். டச்சுக்காரர்கள் எட்டு இருபதுக்கு வந்து உட்கார்ந்துவிட்டார்கள். நம்மவர்கள் இட்லி தீர்ந்த பிறகு வந்தார்கள்.

புல்வெளியில் பந்தல், பந்தலின் கடைசியில் மணவறை. பெண் இருந்த அறையின் வாசலிலிருந்து மணவறை வரைக்கும் நடுவில் சிவப்புக் கம்பளம் விரித்திருந்தார்கள். கெர்ரிட் நடந்த தூரத்தைவிட அதிகம். யோரிஸ் பட்டு வேட்டியோடு மணவறையில் உட்கார்ந்து ஐயர் சொல்வதையெல்லாம் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தான். மச்சானைக் காணோம். போன் போட்டால் மணி அடிக்கவேயில்லை. மலைப்பாதையில் பாதி தூரத்துக்குச் சிக்னல் கிடையாது.

மணி ஒன்பதரை தாண்டியது. ஐயர் கடிகாரத்தைப் பார்த்தார். சொந்தங்களுக்குள் முணுமுணுப்பு எழுந்தது. வடிவு வந்து என் காதருகே குனிந்தாள். அவள் கண் கலங்கியிருந்தது. "அண்ணன் எங்க மாட்டிக்கிச்சோ தெரியல. நேரம் போகுது. நீங்களே போயிக் கூட்டிட்டு வந்துருங்க" என்றாள்.

ஒரு மனிதனின் ஆசை இப்படியா நிறைவேற வேண்டும் என்றெல்லாம் அப்போது தோன்றவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டேன். கம்பளத்தின் ஓரமாக நடந்து கயலின் அறை வாசலுக்குப் போனேன். கூறைப்புடவையில் நின்றிருந்தாள். கையை நீட்டினேன். அவள் பிடித்துக்கொண்டாள். கை சில்லென்று இருந்தது. வாசற்படியை விட்டு இறங்கினோம். நான் நிமிர்ந்துகொண்டேன். அவள் நின்றுவிட்டாள்.

"அப்பா, மாமா வரட்டும்ப்பா."

நேரம் போகிறதம்மா என்றேன்.

"வந்துருவாங்க. நீங்க மேல போங்க. நீங்க அங்கதான் நிக்கணும்."

கையை எடுத்துக்கொண்டாள். கோபமாக எடுக்கவில்லை, மெதுவாகத்தான் எடுத்தாள். எனக்கு முகத்தில் அடித்ததுபோல் இருந்தது. அவ்வளவு பேருக்கு நடுவே அதே கம்பளத்தில் தனியாகத் திரும்பி நடந்தேன். ஐந்தோவனில் பிறந்து, என் கையைப் பிடித்து நடை பழகி, என் சைக்கிளின் முன்னால் உட்கார்ந்து பள்ளிக்குப் போன பெண். மாமன் வீட்டில் இருந்தது மொத்தம் ஆறு மாதம். இப்படியெல்லாம் கணக்குப் போட்டுக்கொண்டே மணவறை ஏறினேன். ஐயரிடம், தாய்மாமன் வந்துகொண்டிருக்கிறார், காத்திருப்போம் என்றேன். வடிவு என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள். அது பெருந்தன்மை என்று இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

பத்து மணி வாக்கில் பிக்கப் வந்து நின்றது. பழனியில் கூட்டத்தில் நெரிபட்டு, பெருமாள்மலையில் வண்டிகளின் வரிசையில் மாட்டி, ஒருவழியாக வந்து சேர்ந்திருந்தார் மச்சான். மாலைக் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு, வேட்டியை மடித்துக் கட்டியபடி, குரங்குக் குல்லாவோடு புல்வெளியில் ஓடிவந்தார். டச்சுக்காரர்கள் இதுவும் சடங்கில் ஒன்று என்று நினைத்து எழுந்து நின்று கை தட்டினார்கள். அவர் கயலுக்கு மாலையைப் போட்டார். கையைப் பிடித்தார். நாதஸ்வரம் தொடங்கியது.

அவர்கள் நடந்து வந்ததை நான் பார்க்கவில்லை. ஹோமப் புகை கண்ணில் படுகிறது என்று சாக்குச் சொல்லிக் கண்ணாடியைக் கழற்றி, துண்டால் துடைத்துக்கொண்டே குனிந்திருந்தேன். புகையும் இருந்தது, ஆனால் அவ்வளவு இல்லை. அந்த இரண்டு பேரையும் சேர்த்துப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை. நிமிர்ந்தபோது கயல் மணவறையில் உட்கார்ந்திருந்தாள். அதன் பிறகு எல்லாம் முறைப்படி நடந்தது. நானும் வடிவும் தாரை வார்த்தோம். யோரிஸ் மூன்று முடிச்சையும் பிழையில்லாமல் போட்டான், வீடியோ பார்த்துப் பழகியிருந்தானாம்.

ஆகவே பெண்ணைப் பெற்றவர்களுக்கு ஒரு யோசனை. அந்த நேரத்தில் கண்ணாடியைத் துடைக்காதீர்கள்.

9.

கடைசியாக, கிளம்புவது பற்றி. ஞாயிறு பிற்பகல் இரண்டு மணிக்குள் சாப்பிட்டுவிட்டு மலை இறங்கத் தொடங்க வேண்டும். அதற்கு மேல் மூடுபனி இறங்கிவிட்டால் ஓட்டுநர்கள் முணுமுணுப்பார்கள். அறைச் சாவியை மறக்காமல் கொடுக்கச் சொல்லுங்கள். தாம்பூலப் பையைத் திறந்து பார்த்துவிட்டுத் தேங்காயை அறையிலேயே விட்டுப்போகிறவர்கள் உண்டு. விமானத்தில் தேங்காய் கூடாது என்று பயந்தார்கள் என்று பிறகு தெரிந்தது. தேங்காய்க்குப் பதில் வேறு ஏதாவது போடலாம்.

எல்லோரையும் வழியனுப்பிவிட்டு மச்சானைத் தேடினேன். கடமைக்குத்தான். சமையற்கட்டின் பின்னால் காலித் தக்காளிப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு, காபியோடு தனியாக உட்கார்ந்திருந்தார். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் வந்தவர், அப்போதுதான் சாப்பிட்டு முடித்திருந்தார். எல்லாம் நல்லபடியாக நடந்தது, ரொம்ப நன்றி மச்சான் என்றேன். அவர் தலையை ஆட்டினார். வேறு பக்கம் பார்த்துக்கொண்டு பேசினார்.

"ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கக் கூடாது மாப்ள."

சொல்லுங்கள் என்றேன்.

"பட்டினியாக் கெடந்து, கூட்டத்துல மிதிபட்டு, சாமி மால வாங்கியாந்து போட்டது நானு. கையப் புடிச்சுக் கூட்டியாந்ததும் நானு. ஆனா அந்தப் புள்ள ஒரு மட்டம்கூட என் பக்கம் திரும்பலைங்க. வாசப்படியில இருந்து மணவற வரைக்கும் உங்களையேதான் பாத்துக்கிட்டு வந்துச்சு. அப்பா ஏன் குனிஞ்சே இருக்காரு, நிமிரச் சொல்லுங்க மாமான்னு என்னையவே கேக்குது. மேளச் சத்தத்துல நான் எங்குட்டுப் போய்ச் சொல்றது? எனக்கு வயிறு எரிஞ்சுபோச்சு மாப்ள."

சொல்லிவிட்டுக் காபியைக் கீழே வைத்தார். ஆறுதலாக ஏதாவது சொல்லியிருக்க வேண்டும், மனிதர் அவ்வளவு பாடுபட்டிருக்கிறார். நான் சொல்லவில்லை. இன்னொரு தக்காளிப் பெட்டியை இழுத்து அவர் பக்கத்தில் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தேன். பாத்திரம் கழுவுகிற சத்தத்தில் சரியாகக் காதில் விழவில்லை மச்சான், வாசற்படியிலிருந்து இன்னொரு தடவை சொல்லுங்கள் என்றேன்.